வீட்டுக்கு ஒரு வேண்டுதல்

"எனக்கு டிக்கெட் குடுத்துட்டாங்க" என்றார் வெர்லீன், பிஸ்கட் ரொட்டி மேல் கிரேவியை ஊற்றிக்கொண்டே.

லானி பேட்ச்லர் வாய்க்குக் கொண்டுபோன முள்கரண்டியை அப்படியே நிறுத்தினார்.

"என்ன டிக்கெட்?"

"ஸ்பீடு டிக்கெட்தான். மில் க்ரீக் ரோட்டுல. முப்பத்தஞ்சுல போகணுமாம், அம்பத்திரெண்டுல போனேனாம். அந்தப் போலீஸ்காரன் ஸ்டான்சில்தான் மடக்கினான்."

லானியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை அவர் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்த வெளிச்சம் புரியும். வட கரோலினா நெடுஞ்சாலைத் துறையில் இருபத்தேழு வருஷமாக அவருக்கு ஒரே வேலை, வேக போர்டு நடுவது. எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், நீங்கள் எந்தச் சாலையில் போனாலும், 'முப்பத்தைந்து' என்றோ 'நாற்பத்தைந்து' என்றோ ஒரு கம்பம் உங்களை முறைத்தால், அது லானி நட்டதுதான். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில், வெர்லீன் வண்டி ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "போர்டைப் பாரு வெர்லீன், போர்டு என்ன சொல்லுது?" என்று கேட்காமல் அவர் ஒரு தடவைகூட சர்ச்சுக்குப் போனதில்லை. ரெண்டு மைல் கூடினால்கூடப் பிரசங்கம்தான்.

இன்றைக்கு ரெண்டு மைல் இல்லை, பதினேழு! லானி நாற்காலியைப் பின்னால் தள்ளி, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வெர்லீன், ஒரு போர்டுங்கறது வெறும் தகரம் இல்ல..."

"தெரியும், தெரியும். உன் பிரசங்கத்தை ஞாயித்துக்கிழமைக்கு வெச்சுக்க" என்றார் வெர்லீன். "இதுல கவலைப்பட என்ன இருக்கு? கோர்ட்டுக்குப் போய் ஒரு வேண்டுதல் கேட்டா முடிஞ்சுது. நம்ம வீட்டுலதான் இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையே."

லானி பின்னால் தள்ளிய நாற்காலியை மெல்ல முன்னால் இழுத்துக்கொண்டார்.

இந்த வேண்டுதல் எங்கள் மாநிலத்துக்கே உரிய ஒரு வழக்கம். வேறு மாநிலத்துக்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். வேகமாகப் போய் மாட்டிக்கொண்டால் கோர்ட்டில் போய், "ஆமாம், தப்புதான். ஆனால் தீர்ப்பை எழுதாமல் நிறுத்தி வையுங்கள்" என்று நீதிபதியிடம் வேண்டிக்கொள்ளலாம். அவருக்கு மனமிருந்தால் நிறுத்தி வைப்பார். கோர்ட் செலவைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். கார் இன்சூரன்ஸ்காரனும் கண்டுகொள்ள மாட்டான். ஒரே ஒரு நிபந்தனை, மூன்று வருஷத்துக்கு ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். ஆளுக்கு ஒன்று இல்லை, வீட்டுக்கு ஒன்று. ரெண்டாவதாக ஒன்று வாங்கினால் இன்சூரன்ஸ்காரன் ரெண்டு கணக்கையும் கிண்டி எடுத்து, ஒரு நீளமான கடிதம் போடுவான்.

பேட்ச்லர் வீட்டுக்கான அந்த ஒன்றை, ஒரு வருஷம் பத்து மாதத்துக்கு முன்னால் லானி தின்று தீர்த்திருந்தார்.

அன்றைக்கு மீன் பிடிக்கப் போயிருந்தார். பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கவுண்டியில், ஐம்பத்தைந்தில் போகவேண்டிய இடத்தில் எழுபத்தொன்றில் பறந்தார். மடக்கப்பட்டார். வீட்டில் 'போர்டு வெளிச்சம் பற்றிய பயிற்சி' என்று சொல்லிவிட்டு அந்தக் கவுண்டி கோர்ட்டுக்குப் போய், தலையைக் குனிந்து வேண்டுதல் வாங்கிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் திரும்பி வந்தார். அந்த வார ஞாயிறு, சர்ச்சுக்குப் போகும் வழியில், "போர்டைப் பாரு வெர்லீன்" என்று வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னதாக ஞாபகம்.

இப்போது வெர்லீன் கோர்ட்டில் வேண்டுதல் வாங்கினால் இன்சூரன்ஸ் கடிதம் வரும். கடிதத்தை வெர்லீன் படிப்பார். அதோடு முப்பத்தொரு வருஷப் பிரசங்கமும் கந்தலாகிவிடும். பணம் போனால் போகட்டும், பக்கத்து சீட்டில் இனி எந்த முகத்தோடு உட்காருவது?

"வேண்டுதல் எல்லாம் வேணாம் வெர்லீன்" என்றார் லானி. குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. "அது... அது பெரிய ஆபத்துக்குன்னு எடுத்து வெச்சிருக்கணும். வீடு தீப்புடிச்சா மாதிரி நேரத்துக்கு."

"வீடு தீப்புடிச்சா ஃபயர் சர்வீஸைக் கூப்புடுவேன். வேண்டுதலை வெச்சு என்ன பண்ண?"

"சரி, எங்க, அந்த டிக்கெட்டைக் காட்டு."

"என் டிக்கெட்டை நான் பாத்துக்கறேன்" என்று வெர்லீன் கைப்பையைப் பட்டென்று மூடினார்.

லானி அசரவில்லை. எங்கள் மாநிலத்தில் இன்னொரு வழியும் உண்டு. வண்டியின் வேகமானி தப்பாகக் காட்டுகிறது என்று மெக்கானிக்கிடம் ஒரு சான்று வாங்கிப்போனால், அரசு வக்கீல் வேகக் குற்றத்தை 'வண்டிக் கோளாறு' என்று மாற்றிக் கொடுப்பார். வேண்டுதலே தேவைப்படாது.

"உன் வண்டி மீட்டர்லதான் கோளாறு. இன்னிக்கே க்ளிஃப்டன்கிட்ட காட்டி சர்டிஃபிகேட் வாங்கிட்டு வந்துடறேன்" என்றார்.

"நீ எனக்குப் பரிஞ்சு பேசறியா?" என்று வெர்லீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உடம்பு கிடம்பு சரியில்லையா லானி?"

க்ளிஃப்டன் க்ரிம்ஸ்லி எங்கள் ஊர் மெக்கானிக். வெர்லீனின் பழைய ப்யூக் காரை உருளை மேல் ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"தங்கமான மீட்டர். ஒரு மைல்கூடத் தப்பில்ல."

"நல்லாப் பாரு க்ளிஃப்டன். ஒரு அஞ்சு மைலாவது தப்பா இருக்கும்."

"இல்லங்கறேன். உனக்கென்ன, பொண்டாட்டி வண்டி சரியா இருக்கறதுல அவ்வளவு வருத்தமா?"

"தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடேன்."

க்ளிஃப்டனுக்கு முகம் கடுகடுத்தது. அவர் பாப்டிஸ்ட் சர்ச்சில் டீக்கன், சபைப் பொறுப்பில் இருப்பவர். "லானி, நான் பொய் எழுதமாட்டேன். என் முன்னாடி எந்த வண்டி வந்து நிக்குதோ, அதை அளப்பேன். உள்ளதை உள்ளபடி எழுதுவேன். இப்ப வந்த வண்டியில தப்பில்ல. நாளைக்கு வேற மாதிரி வண்டி வந்தா, அதையும் அளப்பேன்."

அவர் நல்ல மனசோடு சொன்னதை லானி வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். சக்கரம் பெரிதானால் மீட்டர் குறைத்துக் காட்டும். இது போர்டு நடுகிறவருக்குத் தெரியாதா?

அன்று சாயங்காலமே, தன் பழைய பிக்கப் லாரியிலிருந்து நாலு பெரிய டயர்களைக் கழற்றி ப்யூக்கில் மாட்டினார். ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டி, விரலை நசுக்கிக்கொண்டு, கடவுளின் பெயரை நல்ல விதத்திலும் மற்ற விதத்திலும் சொல்லி மாட்டினார். முடிந்தபோது ப்யூக், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கும் பாட்டியம்மா மாதிரி நின்றது.

மறுநாள் அதை ஓட்டிக்கொண்டு க்ளிஃப்டன் கடைக்குக் கிளம்பினார். ரொம்ப ஜாக்கிரதையாகத்தான் போனார். பேர்ல் சர்ச் ரோட்டில் நெடுஞ்சாலைத் துறையின் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே 'முப்பத்தைந்து' என்ற ஆரஞ்சு போர்டை அன்று விடியற்காலையில் நட்டது லானியேதான். மீட்டர் முள்ளை முப்பத்தைந்தில் அச்சுப் பிசகாமல் நிறுத்தி, தன் போர்டுக்கு ஒரு சலாமும் வைத்துவிட்டுப் போனார்.

பின்னால் நீல விளக்கு சுழன்றது.

சாலையோரத்தில் மண்வெட்டியோடு நின்ற ஆறு பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஆறு பேரும் லானியோடு வேலை செய்கிறவர்கள்.

போலீஸ்காரர் ஸ்டான்சில் வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்து, டயரைப் பார்த்துவிட்டு, குனிந்து ஜன்னலுக்கு வந்தார்.

"லானி சார், நாப்பத்தொண்ணு."

"முப்பத்தஞ்சு! மீட்டரைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன்!"

"மீட்டர்ல என்ன கோளாறோ தெரியல. ரேடார்ல நாப்பத்தொண்ணு. வேலை நடக்கற இடம் வேற. விடமுடியாது சார்." ஸ்டான்சில் நோட்டை எடுத்தார். "அந்த போர்டு நீங்க நட்டதுதானே?"

"காலைலதான்" என்றார் லானி ஈனஸ்வரத்தில்.

டயரை நானேதான் மாற்றினேன், கோர்ட்டில் காட்ட மீட்டரைத் தப்பாக்கினேன் என்று போலீஸ்காரரிடம் சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு டிக்கெட்டை வாங்கிக்கொண்டார். மண்வெட்டிக்காரர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, சவ ஊர்வலத்துக்கு நிற்பதுபோல நின்றார்.

"கோர்ட் பதினாலாம் தேதி" என்றார் ஸ்டான்சில். "என் கேஸெல்லாம் மாசத்துல அந்த ஒரே நாள்தான்."

சாயங்காலம் லானி சமையலறை வாசலில் நின்று, ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார்: "ஆமா, உன் கேஸ் என்னிக்கி?"

வெர்லீன் சுவரில் தொங்கிய காலண்டரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பதினாலு" என்றார்.

ரெண்டு பேரும் ஒரே நாளில், ஒரே கூடத்தில், ஒரே பெஞ்சில்! லானி அன்று சோளரொட்டியைத் தொடாமலே எழுந்துவிட்டார்.

மூன்றாம் நாளிலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. எங்கள் ஊரில் யாருக்காவது டிக்கெட் எழுதினால், அறுபது மைல் சுற்றுவட்டாரத்தில் உள்ள அத்தனை வக்கீல்களுக்கும் மூக்கு வியர்த்துவிடும். கோர்ட் பட்டியலைப் பார்த்து ஆளாளுக்குக் கடிதம் போடுவார்கள். 'அன்புள்ள லானி பேட்ச்லர், உங்கள் வேகக் குற்றம் பற்றி அறிந்து வருந்துகிறோம்' என்று உறையின் மேலேயே சிவப்பில் அச்சடித்திருக்கும். முதல் நாள் ஏழு. அடுத்த நாள் பன்னிரண்டு. ஒருவர் காந்தத்தில் ஒட்டும் காலண்டரே அனுப்பியிருந்தார்.

லானி தினமும் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, தபால்பெட்டிக்குப் பக்கத்துப் புதரில் பதுங்கினார். தபால்காரம்மா வண்டியை நிறுத்தும்போதே பாய்ந்து பிடுங்கி, பிக்கப்பின் கருவிப் பெட்டியில் திணித்துப் பூட்டினார். மூன்றாம் நாள் குளவி கொட்டியது. நாலாம் நாள் பெட்டி மூடவில்லை, மேலே ஏறி உட்கார்ந்து மூடினார்.

அப்படி உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஒரு ஆச்சரியம் தோன்றியது. போன தடவை மாட்டியபோது தினமும் தபாலை எடுத்து வந்தது வெர்லீன்தான், அதில் இந்த மாதிரி ஒரு கடிதம்கூட வரவில்லையே! அப்போது தன் நேரம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று பெருமூச்சு விட்டார். வெர்லீனுக்கும்தான் ஒன்றுகூட வரவில்லை. வெர்லீனிடம் வாயைக் கொடுக்க வக்கீல்களுக்கே பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் க்ளிஃப்டனிடம் சான்று வாங்கியாகிவிட்டது. 'மீட்டர் ஆறு மைல் குறைத்துக் காட்டுகிறது' என்று உள்ளதை உள்ளபடி எழுதி, கீழே 'டயர் வண்டிக்கு உரியதல்ல' என்றும் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். லானி அந்தக் கடைசி வரியின்மேல் காப்பியைக் கொட்டி, அது காய்ந்ததும் வெர்லீனிடம் நீட்டினார்.

"எனக்கு வேணாம்" என்றார் வெர்லீன்.

"வேணாமா?"

"முதல்ல அந்த டயரைக் கழட்டு. நேத்து வண்டியில ஏற ஸ்டூல் போடவேண்டியதாப் போச்சு. ரெண்டாவது, நான் தப்புப் பண்ணேன், தப்புன்னு சொல்லிட்டு வேண்டுதல் கேக்கப் போறேன். ஒளிச்சு மறைச்சு ஒரு காரியம் பண்ணா எனக்குத் தூக்கம் வராது. உனக்கு வருமா லானி?"

லானிக்குப் பதினோரு நாளாகத் தூக்கம் வரவில்லை.

"சர்ச் பாட்டுக் குழுவுல எல்லாரும் கோர்ட்டுக்கு வராங்க. எனக்குத் துணைக்கு" என்றார் வெர்லீன். "நீயும் வரியா?"

"எனக்கு அன்னிக்குப் பயிற்சி இருக்கு" என்றார் லானி. "போர்டு வெளிச்சம் பத்தி."

"மறுபடியுமா?" என்றார் வெர்லீன்.

பதினாலாம் தேதி காலை எட்டு மணிக்கே லானி கோர்ட்டுக்குப் போய்விட்டார். வாசலில் நீண்ட வரிசை. அரசு வக்கீல், கல்லூரி முடித்து நேற்றுதான் வந்தவர்போல இருந்த ஒரு இளம் பெண், கைநிறையக் கோப்புகளோடு ஓடிக்கொண்டிருந்தார். லானி அவரை மடக்கினார்.

"அம்மா, என் பேரை முதல்ல கூப்புட்டு முடிச்சு விட்டுடுங்க. ஒன்பது மணிக்கு முன்னாடி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏன் சார், ஆஸ்பத்திரியா?"

"கிட்டத்தட்ட."

ஒன்பதுக்கு முன்னால் நீதிபதியே வரவில்லை. வெர்லீன் வந்துவிட்டார். ஈஸ்டருக்குப் போடும் மஞ்சள் தொப்பி, பின்னால் பாட்டுக் குழு எட்டுப் பேர். நேராக முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். லானி கடைசி வரிசையில் ஒரு கூடைப்பந்தாட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினார். அந்த மனிதர் தும்மும்போதெல்லாம் லானியும் கூடவே குனிந்தார்.

நீதிபதி ஆட்ரி வின்ஸ்டெட் வந்து உட்கார்ந்தார். அரசு வக்கீல் முதல் கோப்பை எடுத்து, கூடத்தையே ஒரு முறை துழாவிப் பார்த்தார்.

"லானி பேட்ச்லர்! லானி பேட்ச்லர் சார்! சீக்கிரம் முடிக்கணும்னு வாசல்ல கெஞ்சினீங்களே, எங்க இருக்கீங்க?"

மஞ்சள் தொப்பி மெல்லத் திரும்பியது. பின்னாலேயே எட்டுத் தலைகளும் திரும்பின.

லானி எழுந்தார். முதல் வரிசைவரை நடக்கும் அந்த இருபதடி தூரம், அவர் வாழ்க்கையில் மிகக் குறைந்த வேகத்தில் கடந்த தூரம்.

"வேலை நடக்கற எடத்துல, முப்பத்தஞ்சுல நாப்பத்தொண்ணு" என்று படித்தார் அரசு வக்கீல். "இவர் வேண்டுதல் கேட்டா, அரசுத் தரப்புல ஆட்சேபணை இல்ல."

நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "குடுக்கலாம். மூணு வருஷத்துக்குள்ள உங்க வீட்டுல யாராவது வாங்கியிருக்கீங்களா, மிஸ்டர் பேட்ச்லர்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. லானி திரும்பி வெர்லீனைப் பார்த்தார். வெர்லீன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். அந்தப் பார்வை அவரைக் கரைத்துவிட்டது.

"வாங்கியிருக்கேன் ஜட்ஜம்மா" என்றார். "நான்தான் வாங்கினேன். ரெண்டு வருஷம் ஆகப்போகுது. எழுபத்தொண்ணுல போனேன். மீன் கெட்டுப்போயிடும்னு போனேன். என் பொண்டாட்டிகிட்ட சொல்லல."

பாட்டுக் குழுவில் யாரோ "ஆண்டவரே" என்றார்கள்.

அணை உடைந்த பிறகு லானியை நிறுத்த முடியவில்லை. டயரைச் சொன்னார். காப்பியைச் சொன்னார். கருவிப் பெட்டியைச் சொன்னார். குளவியைக்கூடச் சொன்னார். போலீஸ்காரர் ஸ்டான்சில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், தோள்கள் மட்டும் குலுங்கின.

"முப்பத்தொரு வருஷமா பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு, இவளை போர்டைப் பாரு, போர்டைப் பாருன்னு பாடாப்படுத்திட்டேன் ஜட்ஜம்மா. நான் மட்டும் பாக்கல. எனக்கு வேண்டுதல் வேணாம். முழுத் தண்டனையும் குடுங்க. ஆனா இவளும் இன்னிக்கு வந்திருக்கா. என்னால இவளுக்கு உரியதும் கெட்டுப்போகுது. அதுக்கு ஏதாவது வழி இருந்தா பண்ணுங்க. இவ ரொம்ப நல்லவ. என்னைவிட நல்லா ஓட்டுவா. அதையும் நான் இதுவரைக்கும் சொன்னதில்ல."

வெர்லீன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் வாயெல்லாம் சிரிப்பு.

"இப்ப ஒரு தடவை சொன்னியே, அது போதும் லானி" என்றார். "எனக்கு வேண்டியது கெடைச்சாச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

"வீட்டுக்கா?" என்றார் நீதிபதி. "உக்காருங்கம்மா. மிஸ்டர் பேட்ச்லர் குற்றத்தை ஒத்துக்கிட்டார், அபராதத்தைக் கட்டிட்டுப் போகட்டும். டயரைக் கழட்டிட்டு ஓட்டட்டும். அடுத்தது உங்க கேஸ்தானே? அதையும் இப்பவே பாத்துடலாம். அந்தக் கோப்பை எடுங்க."

கோர்ட் குமாஸ்தா பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். பிறகு குழப்பத்தோடு தலையை நிமிர்த்தினார்.

"ஜட்ஜம்மா, வெர்லீன் பேட்ச்லர்ங்கற பேர்ல கேஸே இல்லையே, இந்த மாநிலத்துல இவங்களுக்கு யாரும் இதுவரைக்கும் ஒரு டிக்கெட்கூட எழுதினதில்ல."